அடுப்பை எப்போது அணைப்பது?

"சார், கடையில் வாங்கியதை வைத்து ஃபெனியை எடை போடாதீர்கள். ஏப்ரலில் வாருங்கள், காய்ச்சுகிறவரிடமே கூட்டிப்போகிறேன்" என்றார் கோவா நண்பர். ஃபெனி, முந்திரிப் பழத்திலிருந்து காய்ச்சும் கோவாவின் சாராயம். சத்தரி வட்டத்தில் வால்போயைத் தாண்டி, முந்திரித் தோப்புக்கு நடுவே ஓலை வேய்ந்த கொட்டகை. உரிமம் பெற்ற பட்டி. காய்ச்சும் இடத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

தானாக உதிர்ந்த பழத்தை மட்டும் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, மிதித்துச் சாறு எடுத்து ஊறல் போடுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஈக்களைத் தவிர. ஊறலை ஒருமுறை காய்ச்சினால் உர்ராக். அதோடு மேலும் ஊறலைச் சேர்த்து மறுபடி காய்ச்சினால் ஃபெனி, 42.8 சதவீத ஆல்கஹால்.

காய்ச்சுகிற பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். சிறுவனாக இருந்தபோது, சரக்கு வந்து விழும் பானை சூடேறாமல் அதன்மேல் தண்ணீர் மொண்டு ஊற்றுவதுதான் அவர் வேலை. அப்பா எதையும் சொல்லித்தரவில்லையாம். அடுப்பை அணைக்கும் நேரம் வந்தால் மட்டும் கூப்பிட்டு, உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, "முகர்ந்து பார்" என்பாராம்.

பெரியவரிடம் 'கிராவ்', அதாவது சரக்கின் காட்டம், பார்க்கும் கண்ணாடி மிதவையும் இருக்கிறது. "அது வாங்க வருகிறவனுக்குக் காட்ட" என்று சிரித்தார். தனக்கு வேண்டியதை ஒரு கிளாஸில் பிடித்து, உயரத்திலிருந்து இன்னொரு கிளாஸுக்கு ஊற்றிப் பார்க்கிறார். பொடிக் குமிழிகள் ஓரம் சுற்றிக் கட்டிச் சற்று நேரம் நின்றால் சரக்கு சரி. கட்டிய வேகத்தில் கலைந்தால் தண்ணீர் ஏறிவிட்டது. அப்போது கையில் தேய்த்து முகர்ந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. எனக்கும் ஒரு துளி விட்டார். அந்த வாடை சோப்புக்கும் எளிதில் போகவில்லை.

காரணம் பள்ளிப் பாடம்தான். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-இல். நேரம் ஆக ஆகப் பானையில் ஆல்கஹால் குறையும். ஆவியில் தண்ணீர் கூடும். கூடவே கனத்த எண்ணெய்களும் புளிப்பு அமிலங்களும் ஏறி வரும். 'இதோடு போதும்' என்று கோடு கிழித்த இடம் எதுவும் இல்லை. விறகு, பழத்தின் இனிப்பு, ஊறலின் புளிப்பு எல்லாம் நாளுக்கு நாள் மாறுவதால் கடிகாரமும் உதவாது. முதலில் சொட்டும் காரத்தை அவர் ஒதுக்கிவிடுகிறார். கடைசியில் வருவதைத் தனியே பிடித்து மறுநாள் பானையில் ஊற்றுகிறார்.

(காய்ச்சுவது என்றாலே நமக்குக் கள்ளக்குறிச்சிதான் நினைவுக்கு வரும். 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். அடுப்பை அணைக்கத் தவறியதால் நேர்ந்ததல்ல அது.)

வியாபாரி கேனோடு வருகிறார். மிதவையைப் போட்டுப் பார்க்கிறார், லிட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறார், போய்விடுகிறார். முகர்ந்து பார்ப்பதில்லை. கடைசிச் சரக்கையும் சேர்த்துப் பிடித்து, காட்டமான சரக்கைக் கொஞ்சம் கலந்து கிராவை ஏற்றிவிட்டால் மிதவைக்குத் தெரியவா போகிறது? நேரத்தோடு அடுப்பை அணைக்கிறவருக்குச் சில பாட்டில் நஷ்டம். இழுத்து இழுத்துக் காய்ச்சுகிறவருக்கு அதே சில பாட்டில் லாபம். இருவருக்கும் ஒரே விலை! 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, 2016-இல் கோவா அரசு ஃபெனியைப் பாரம்பரிய மது என்று அறிவித்தது. பெருமை பாட்டிலின் லேபிளில் ஏறிவிட்டது. பெரியவர் கைக்கு வருவது பழைய லிட்டர் கணக்குதான். மகன்கள் இருவரும் இந்தப் பக்கமே வருவதில்லை என்றார். ஏன் வர வேண்டும்?

கொள்முதல் செய்கிறவர்கள் மிதவையோடு மூக்கையும் பயன்படுத்தட்டும்; தரம் பிரித்து விலை கொடுக்கட்டும். கோவா அரசு செய்ய வேண்டியது விழா எடுப்பதல்ல, இதைக் கட்டாயமாக்குவது.