‘ஒண்ணும் இல்லம்மா, அசதிதான்’

வானொலியில் வேலை பார்க்கும் எனக்கு ஒரு நாளில் அதிகம் காதில் விழும் சொல் எது என்று கேட்டால், ‘மன அழுத்தம்’ என்றுதான் சொல்வேன். சாலை நெரிசலில் மாட்டியவருக்கு மன அழுத்தம். தேர்வு எழுதும் பிள்ளைக்கு மன அழுத்தம். காற்பந்தில் தனக்குப் பிடித்த குழு தோற்றாலும் மன அழுத்தம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைச் செலவழித்துவிட்டதால், உண்மையிலேயே நோய் வந்தவரைப் பற்றிச் சொல்ல நம் கையில் சொல் மிஞ்சுவதில்லை. மருத்துவர்கள் ‘டிப்ரஷன்’ என்பதை இங்கே மனச்சோர்வு என்றே எழுதுகிறேன். அழுத்தம் காரணம் தீர்ந்தால் இறங்கிவிடும். மனச்சோர்வு காரணம் தீர்ந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருக்கும். சில சமயம் காரணமே இல்லாமலும் வரும்.

இதை நான் பட்டப் படிப்பில் படிக்கவில்லை. ஊடகவியல் வகுப்பில் யாரும் சொல்லித் தரவுமில்லை. பிரிஞ்சாங்கில் இருக்கும் என் பெரியம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். “என் பேரப் போடாத, மத்ததை எழுது. யாருக்காச்சும் உதவும்” என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில் தொடங்கி, கத்தரியால் வெட்டும் காலம் வந்து, பிறகு இயந்திரம் வந்த வரைக்கும் அந்தச் சரிவுகளில் நின்றவர். இப்போது ஓய்வு. பெரியப்பா தவறிவிட்டார். மகன் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறார். மகள் ஜொகூரில். லயத்தில் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள்.

அவரிடம் முதலில் மாறியது உடம்புதான். இடுப்பு வலி, தலை கனம், நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. அதற்குப் பிறகு தூக்கம் கிடையாது. ஒரு தனியார் கிளினிக்கிற்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் வலி மாத்திரையோடு திரும்பினார். என்ன ஆச்சு என்று போனில் கேட்டால் ஒரே பதில்: “ஒண்ணும் இல்லம்மா, அசதிதான்.”

உறவினர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ‘சும்மா உட்கார்ந்தா அப்படித்தான், சோம்பல்’ என்றார் ஒருவர். ‘காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சுப் பாருங்க’ என்றார் இன்னொருவர். ‘மலைக் குளிரும் பனியும் மனசைச் சோர வெச்சிடும்’ என்பது மூன்றாவது விளக்கம். குளிர்காலத்தோடு வந்து போகும் ஒரு வகை மனச்சோர்வு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது பகல் மிகவும் சுருங்கிப்போகும் வட நாடுகளில் அதிகம் காணப்படுவது. நம் நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். முப்பது ஆண்டுகளாகப் பனியில் நனைந்து வேலைக்குப் போன மனுஷிக்குத் திடீரென்று பனியால் நோய் வருமா?

எனக்கு உறைத்தது வேறொன்று. பெரியம்மா வீட்டு அடுப்படியில் வானொலி எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். நான் இந்தத் துறைக்கு வந்ததே அந்தப் பெட்டியைக் கேட்டு வளர்ந்ததால்தான். என் நிகழ்ச்சி முடிந்த பத்தாவது நிமிடம் அவரிடமிருந்து போன் வரும்: “ஏன் இவ்வளவு வேகமாப் பேசுற?” அந்த போன் நின்றுவிட்டது. அண்ணியிடம் கேட்டேன். “ரேடியோவ அவங்க தொடறதே இல்ல. கோயிலுக்கும் போறதில்ல. ஒரு மாசமாச்சு” என்றார்.

அழுகையைத்தான் மனச்சோர்வின் அடையாளம் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பலருக்கு அழுகையே வராது. பிடித்தது பிடிக்காமல் போவதுதான் பெரிய அடையாளம்.

ஒன்பது கேள்விகள்

அண்ணியும் நானும் சேர்ந்து அவரை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த மருத்துவர் முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தசோகை, தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்வது, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே போன்ற சோர்வைக் கொடுக்கும் என்பதால் அது அவசியம். அவற்றில் குறை ஒன்றும் இல்லை. பிறகு ஒரு தாதி மலாயில் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். நான் தமிழில் மாற்றிச் சொன்னேன்.

பி.எச்.க்யூ.-9 என்ற அந்தக் கேள்வித்தாள் 2001இல் வெளியானது. இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது விஷயங்களைக் கேட்கும். எதிலும் நாட்டம் இல்லாமை, மனம் வாடிக் கிடப்பது, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, களைப்பு, பசி குறைவது அல்லது கூடுவது, தன்னைப் பற்றியே தாழ்வாக நினைப்பது, கவனம் நிற்காமை, பேச்சும் நடையும் மெதுவாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, செத்துப் போனால் தேவலை என்ற நினைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் ஆழமாக விசாரிப்பார்.

இந்தத் தாள் மட்டும் நோயை உறுதி செய்யாது. ஒன்பதில் ஐந்தாவது இரண்டு வாரம் தொடர்ந்து பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் மனவாட்டம் அல்லது நாட்டமின்மை ஒன்றாவது இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கை அதனால் கெட்டிருக்க வேண்டும். இப்படிப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்கிறார்.

ஒன்பதாவது கேள்வியை மொழிபெயர்க்க எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டேன். பெரியம்மா சாதாரணமாகச் சொன்னார்: “நானா எதுவும் செய்ய மாட்டேன். ஆனா மாரியாத்தா கூட்டிக்கிட்டா பரவாயில்லன்னு இருக்கு.” பக்கத்தில் இருந்த அண்ணி அழுதுவிட்டார். ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு அது தெரியாது.

கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி விதைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டவுடன் பலருக்குப் பாரம் இறங்குகிறது.

கேமரன் மலைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மனநல மருத்துவர் டி. மணியம் இந்த மலைவாசத்தலத்தில் நடந்த தற்கொலைகளையும் முயற்சிகளையும் ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1988இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆப் சைக்கியாட்ரி இதழில் வந்தது. மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கை விட அதிகமாக இந்தியர்கள் அந்தக் கணக்கில் இருந்தார்கள். நான் பிறப்பதற்கு முன்பே நம்மைப் பற்றி எழுதிய கட்டுரை அது. நம் வீடுகளில் இன்னும் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பெரியம்மாவின் மகன் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி: “மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?” தனி ஒருவருக்கு ஸ்கேன் எடுத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இன்று வழியில்லை. வேறு நோய் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால்தான் ஸ்கேன் தேவைப்படும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை ஒப்பிட்டால் சில வித்தியாசங்கள் தெரிகின்றன.

நினைவுகளைச் சேர்த்து வைக்க உதவும் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கடற்குதிரையின் வடிவத்தில் இருப்பதால் வந்த பெயர். 2015இல் வெளியான எனிக்மா கூட்டாய்வு, மனச்சோர்வு உள்ள 1,728 பேரின் மூளைப் படங்களை நோயில்லாத 7,199 பேரின் படங்களோடு ஒப்பிட்டது. நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் சராசரியாக ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகச் சிறுத்திருந்தது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடமும் இளம் வயதிலேயே வந்தவர்களிடமும்தான் இது தெரிந்தது. முதல் முறை வந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சீக்கிரம் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

பயத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி துடிப்பாகவும், யோசித்து நிதானப்படுத்தும் முன்மூளை மந்தமாகவும் வேலை செய்வது பல ஆய்வுகளில் காணப்படுகிறது. நீண்ட கால நெருக்கடியில் கார்டிசோல் என்ற சுரப்புநீர் கூடுதலாக ஊறுவதும் பலரிடம் உண்டு. ‘மனசைத் தேத்திக்கோ’ என்று நாம் சொல்லும்போது, தேற்றிக்கொள்ள உதவும் கருவியே பழுதாகி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

செரோட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு வரும் என்று எளிமையாகச் சொல்வதுண்டு. அந்த ஒற்றை விளக்கத்தை இன்று ஆய்வாளர்கள் போதுமானதாக ஏற்பதில்லை. அதற்காக மருந்து பொய்யாகிவிடாது. பாரசிட்டமால் குறைவதால் காய்ச்சல் வருவதில்லை. ஆனாலும் பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது அல்லவா?

மருந்தும் பேச்சும்

பெரியம்மாவுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் குமட்டல். “இது வேணாம், நிறுத்திடறேன்” என்று அடம்பிடித்தார். தாதி முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் அண்ணி விடவில்லை. இந்த மருந்துகளில் தொந்தரவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தூக்க மாத்திரை போல இவை அடிமையாக்குவதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்லியபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலர் தேறியதும் மாத்திரையைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். நோய் திரும்புவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார்கள்: ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை, மனம் வந்தாலும் வராவிட்டாலும். முதல் வாரம் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர். அடுத்து சாலை முனை வரை நடை. பிறகு கோயில். உற்சாகம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது, செய்யச் செய்யத்தான் வரும் என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை. மிதமான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருப்பதும் உண்டு.

ஆறாவது வாரத்தில் ஒரு மத்தியானம் போன் வந்தது. “நேத்து வந்த அந்த ஆளை ஏன் பேச விடாம குறுக்கக் குறுக்கப் பேசுன?” நிலையத்து வராந்தாவிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகும் மோசமான நாட்கள் வந்தன. இன்றும் எப்போதாவது வருகின்றன. மாத்திரை தொடர்கிறது.

சிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஒரு திட்டம் தொடங்கினார். கிளினிக் வாசலில் மர பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை அதில் உட்கார வைத்தார். வருகிறவர் அவர்களிடம் மனம் விட்டுப் பேசி, ஒரு பிரச்சினையையாவது தீர்க்க வழி தேடலாம். 2016இல் வெளியான ஆய்வில், இப்படிப் பேசியவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட நன்றாகத் தேறியிருந்தார்கள். அந்த ஊர் ஷோனா மொழியில் இந்த நோய்க்கான சொல்லின் பொருள் ‘அதிகமாக யோசிப்பது’. நம் தோட்டத்து அம்மாமார்கள் சொல்லும் ‘ரொம்ப யோசனையா இருக்கு’ அதேதான். அப்படி ஒருவர் சொன்னால், ‘யோசிக்காதே’ என்று பதில் சொல்லாமல், ‘என்ன யோசனை?’ என்று கேட்கலாம்.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற பயம்

கிளினிக்கிற்குக் கிளம்பும்போது பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களா?” ஈப்போ பக்கத்தில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி நான்கு தலைமுறையாகப் பிள்ளைகளைக் கேலி செய்து வந்திருக்கிறோம். இன்று மனச்சோர்வு உள்ள பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்கவே வேண்டியதில்லை. அரசாங்கக் கிளினிக்கிலேயே சிகிச்சை தொடங்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த 309ஆம் சட்டப்பிரிவையும் நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வருமோ என்ற பயமும் இனி வேண்டாம்.

இது சிறுபான்மையினர் நோயும் அல்ல. தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு, 2023இல் 4.6 விழுக்காடு. ஏறக்குறைய பத்து லட்சம் மலேசியர்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் தமக்குப் பிடித்ததைத் தொடாமல் இருந்தால், கூடவே கிளம்பிப் போங்கள்; தனியாக அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் இடுப்பு வலியை மட்டும் சொல்லாமல், தூக்கம், பசி, நாட்டம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொழி தடையானால் மொழிபெயர்க்க ஒருவர் இருக்கட்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தோட்ட வேலை செய்யும் வீடுகளில் விவசாய மருந்துகளைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருங்கள். ஆபத்தான மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலைகள் பெரிதும் குறைந்தன. அந்த ஒரு வேளையைக் கடக்க வைத்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

பேச யாரும் இல்லையென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. இந்தப் பக்கத்தைக் கிழித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், வீட்டுக்கு வந்து போகும் யாருக்காவது தேவைப்படலாம்.