மலையேறும் வீட்டுக்கு எத்தனை குதிரை?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் நம் பாட்டிமார்களுக்கு ராமானுஜர் அவதரித்த தலம். ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்து விட்டுத் திரும்பி விடுவார்கள். இன்றைய பெண்ணிடம் அதே ஊரைச் சொல்லுங்கள், "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்பாள்! 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி துவங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தார்கள். 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் வந்தன. 2015-ல் அதே வளாகத்தில் பஸ்ஸும் செய்ய ஆரம்பித்தார்கள்.

பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் திரும்பினால், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஆலையின் நீண்ட மதில். ஷிப்டு விடும் நேரத்தில் சீருடை அணிந்த பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையாக நிற்கிறார்கள். கொஞ்சம் விலகினால் வல்லக்கோட்டை முருகன். தறியோடும் காஞ்சீபுரத்துக்கு இவ்வளவு அருகே இத்தனை எஞ்சின் சத்தமா என்று வியப்பாகத்தான் இருக்கிறது.

இங்கே நம் வாசகியருக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. வெளியூர்ப் பயணம் என்றாலே நம்மில் எத்தனை பேர் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்து விடுகிறோம்! வழியில் சுத்தமான கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பு. சர்க்கரை உள்ள மாமியாரோ, முழங்கால் வலிக்கார அம்மாவோ உடன் வந்தால் கேட்கவே வேண்டாம். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ள 'காரவான்' என்ற நடமாடும் வீடு, நமக்கு ஆடம்பரம் என்பதை விட ஆரோக்கியம் என்றே சொல்லலாம்.

கேரள அரசு 2021-ல் காரவான் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதற்கென முதலில் வந்த வண்டிகளில் ஒன்று, நம் ஒரகடத்து பாரத்பென்ஸ் 1017 பஸ்ஸின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. அந்த எண்ணிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. முதல் இரண்டு இலக்கம், பாரத்தோடு சேர்ந்த எடை சுமார் 10 டன் என்கிறது. அடுத்த இரண்டும் 170 குதிரைத் திறன் என்கின்றன. எஞ்சின் 3,907 ஸி.ஸி.; அதாவது நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் சொம்பு என்று வைத்துக் கொள்ளுங்களேன். அந்தச் சொம்புகளில் காற்றும் டீசலும் சேர்ந்து எரிவதுதான் வண்டியைத் தள்ளுகிறது. டர்போ என்பது சொம்புக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. அது இருப்பதால் சின்னச் சொம்பும் பெரிய வேலை செய்யும்.

அப்படியானால் பெரிய எஞ்சினே நல்லது, இல்லையா? ஒரகடம் கூட்டு ரோட்டில் டீ குடித்துக் கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். கரூருக்கு பஸ் சேஸிஸ் ஓட்டிச் செல்பவர்; தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"இது வெறும் எலும்புக்கூடும்மா. கரூர் போய்த்தான் உடம்பு வரும். எஞ்சின் பெரிசா சின்னதான்னு கேக்காதீங்க. எம்மாம் பாரம் ஏத்தப் போறீங்க, எந்த மலைக்குப் போறீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

நாலு பேருக்கு மாவரைக்க எத்தனை லிட்டர் கிரைண்டர் என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லையா, அதே கணக்குத்தான். குதிரைத் திறனை டன்னால் வகுத்துப் பாருங்கள். 170-ஐ 10-ஆல் வகுத்தால் டன்னுக்கு 17 குதிரை. நாம் 'டெம்போ டிராவலர்' என்று சொல்லும் வேனில் 2.6 லிட்டர் எஞ்சின், 115 குதிரை. எல்லாம் ஏற்றி 4 டன் என்று வைத்தால் டன்னுக்கு 28-க்கு மேல்! சின்ன எஞ்சின்தான், ஆனால் ஒவ்வொரு டன்னையும் இழுக்க அதிகக் குதிரைகள்.

நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போக, 10 டன் வண்டிக்குச் சுமார் 120 குதிரை தேவை. 4 டன்னுக்கு 50 போதும். இரண்டு வண்டியும் ஏறிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்கல், எஞ்சினால் அல்ல, வண்டியின் நீளத்தால்தான் வரும். ஐந்து பேர் குடும்பத்துக்கு வேன் அளவே தோதானது. பத்துப் பேர், நீண்ட பயணம், விசாலமான குளியலறை என்றால் பெரியது.

ஆனால் வேனில் ஓர் எச்சரிக்கை உண்டு. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றாலே 200 கிலோ. ஐந்து பேரும் பெட்டிகளும் ஒரு 400 கிலோ. கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ், பாட்டரி எல்லாம் இதற்கு மேல். பதிவுப் புத்தகத்தில் குறித்த மொத்த எடையை மீறினால் எத்தனை குதிரை இருந்தும் பயனில்லை. இறக்கத்தில் பிரேக்கும் டயரும்தான் கஷ்டப்படும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது அதனால்தான்.

வாடகைக்கோ விலைக்கோ எடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

மொத்த எடை எவ்வளவு? 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை கார் லைசென்ஸ் வைத்துக் கொண்டு ஓட்டக் கூடாது.

மாற்றம் செய்த வண்டி என்றால் ஆர்.டி.ஓ. பதிவில் அது ஏறியிருக்கிறதா? அனுமதியில்லாமல் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு.

நிறுத்திய பிறகு ஏ.ஸி. எதில் ஓடும்? எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுக் கதவை அடைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தூக்கத்திலேயே ஆளை முடித்து விடும். வெளியே பிளக் போட்டு மின்சாரம் எடுக்கும் வசதியுள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

உட்காரும் ஒவ்வொருவருக்கும் பெல்ட் இருக்கிறதா? வண்டி ஓடும்போது படுக்கையில் குழந்தையைக் கிடத்தாதீர்கள். அடுப்பும் அப்போது கூடாது.

இவ்வளவும் கேட்டால் வண்டிக்காரர், "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஐந்து பேர் உயிரும், அம்மாவின் முழங்காலும் அந்த வண்டியில்தானே போகின்றன! தண்ணீரைத் தாராளமாகக் குடித்துக் கொண்டே மலையேறுகிற நாள் நமக்கும் வரட்டும்.