படுவான்கரைக்கு ஒரு மடிக்கணினி

மட்டக்களப்பு வாவியைப் பலரும் பாடும் மீன்களைக் கொண்டே அறிவர். நிலவு காயும் இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து அவ்வொலியைக் கேட்டவர்கள் எழுதியவை ஏராளம். ஆதலின் மீன்களை இம்முறை அவற்றின் பாட்டுக்கு விட்டுவிடுவோம். நாம் சொல்லப் புகுவது அவ்வாவிக்கரையில் ஒரு மடிக்கணினி வாங்கிய செய்தி.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டியே கிடக்கிறது இவ்வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய நிலத்துண்டு. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் அதன்மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. ஞாயிறு எழும் பக்கமாதலால் இது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. கடைகளும் கந்தோர்களும் பெரும்பாலும் எழுவான்கரையில். நெல்லும் பாலும் தயிரும் படுவான்கரையில். படுவான்கரையார் எதை வாங்குவதாயினும் நீரைக் கடந்தே வந்தாக வேண்டும். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை, 'பாதை' என்று அவர்கள் அழைக்கும் மிதவையிலேதான் ஆளும் மாடும் மோட்டார்ச் சைக்கிளும் அக்கரை சேர்ந்தன. இன்று பேருந்து ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஆயினும், வாங்கிய பொருள் பழுதானால் மீண்டும் ஒரு நாளைச் செலவழித்துக் கடக்கவேண்டும் என்ற எண்ணம் அம்மக்களை விட்டு நீங்கவில்லை. அந்த எண்ணம் நல்லது என்பதே எமது கருத்து.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயல் செய்யும் எமது மைத்துனரின் மகளுக்கு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் 1981இல் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. அங்கே படிக்க இன்று மடிக்கணினி இல்லாமல் முடியாது. பெரும்போக நெல் விற்ற காசில் கடனைத் தீர்த்து, விதைநெல்லுக்கும் ஒதுக்கிய பின் எஞ்சியதை மைத்துனர் ஒரு சீலைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். "மச்சான், நீங்களும் கூட வரணும். ஒருக்கா எடுத்தா நாலு வருசம் போகணும். மறுகா கிறுகிப் போய் மாத்த நம்மளால ஏலாது" என்றார்.

அவர் கையிலிருந்த தொகைக்குப் புதியது கிடைக்காது என்பது முதற் கடையிலேயே தெளிவாயிற்று. காரணம் எல்லோரும் அறிந்ததே. 2022 மார்ச்சு முற்பகுதியில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் சற்று இறங்கிற்றாயினும் பழைய இடத்துக்கு மீளவில்லை. 2024 சனவரி முதலாந் திகதி பெறுமதிசேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 18 ஆயிற்று. ஆகவே நடுத்தரக் குடும்பங்கள் பாவித்த பொருளின் பக்கம் திரும்பியுள்ளன. வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று, நான்கு ஆண்டு பாவித்துக் கழித்த மடிக்கணினிகள் துடைத்துத் துலக்கப்பட்டு இங்கே வந்து சேர்கின்றன. இதில் இழிவு எதுவுமில்லை. அலுவலகங்களுக்கெனச் செய்யப்பட்டவை ஆதலால், விளம்பரப் பளபளப்போடு வரும் மலிவான புதியவற்றைக் காட்டிலும் அவற்றின் உடல் உறுதியாயிருக்கும். கழற்றிப் பூட்டவும் இடங்கொடுக்கும்.

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாய் நிற்க, இருமருங்கும் கடைகள் நெருங்கியிருக்கும். அங்கே ஒரு கடையில் மேசை நிறைய மடிக்கணினிகளை விரித்து வைத்திருந்தார்கள். சிலவற்றின் விசைகளில் ஜப்பானிய எழுத்து இருந்தது. அவற்றில் இடைவெளி விட அழுத்தும் விசை பாதியளவே நீளம். வேறொன்றில் 'வை' இருக்கவேண்டிய இடத்தில் 'இசட்' இருந்தது. அது ஜெர்மனியிலிருந்து வந்தது. விலை சற்றுக் குறைவே. எனினும் நாள்முழுதும் தட்டச்சுச் செய்யப்போகும் மாணவிக்கு அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டோம்.

ஈற்றில் இரண்டே எஞ்சின. இரண்டும் லெனோவோவின் 'திங்க்பாட்' வகை. விலையும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்று 2017ஆம் ஆண்டின் 'எக்ஸ் 1 கார்பன்'. மெல்லியது, அழகியது, எடை 1.1 கிலோ அளவே. மற்றையது 2018ஆம் ஆண்டின் 'டி 480'. தடித்தது, மூலைகள் தேய்ந்தது, எடை 1.6 கிலோவை ஒட்டியது. பிள்ளையின் கண் முதலாவதின்மேல் சென்றதில் வியப்பில்லை. பேருந்தில் நின்றபடி தோளில் சுமக்கப்போகிறவள் அவளன்றோ? மைத்துனரும், "அது நல்ல வடிவு" என்றார்.

இங்கேதான் சற்று நின்று பார்க்கவேண்டியிருந்தது. மெல்லியதன் உள்ளிருந்த செயலி இன்டெலின் ஏழாந் தலைமுறை. தடித்ததனுடையது எட்டாந் தலைமுறை. செயலியின் பெயரில் 'ஐ 5' என்பதை அடுத்து வரும் எண்ணைப் பார்த்தால் இது தெரியும்: 7300 எனில் ஏழு, 8250 எனில் எட்டு, 10210 எனில் பத்து. ஓராண்டு வேறுபாடுதானே என்று எண்ணலாகாது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 'விண்டோஸ் 11'ஐப் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமாகிய இன்டெல் செயலிகளுக்கே முறைப்படி அனுமதித்திருக்கிறது. 'விண்டோஸ் 10'க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. எனவே ஏழாந் தலைமுறைப் பொறிகளைக் கழிக்கும் கம்பனிகள் பல. அவை மலிந்து சந்தைக்கு வருவதும் அதனாலேயே. கடைக்காரர் அதில் 'விண்டோஸ் 11' ஓடவிட்டுக் காட்டினார். ஓடுகிறது, மெய்தான். ஆனால் முறைப்படி ஏற்கப்படாத பொறியில் ஏற்றியது அது. நாளை வரும் பெரிய புதுப்பிப்புகள் கிடைக்குமென்று எவரும் உறுதி தரமாட்டார்கள்.

இரண்டாவது, நினைவகம். மெல்லியதில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. எட்டு கிகாபைட் என்றால் இறுதிவரை எட்டேதான். தடித்ததில் நினைவகத்துக்கு இரண்டு பொருத்துவாய்கள் உண்டு. ஒன்றில் எட்டு இருந்தது, மற்றது வெறுமையாய் இருந்தது. வட்டையும் மாற்றலாம், மின்கலத்தையும் மாற்றலாம். அதன் மின்கலங்கள் இரண்டு: ஒன்று உள்ளே, மற்றது வெளியே. வெளியிலுள்ளதை, கணினியை நிறுத்தாமலே கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். மாரிக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் இது எத்துணை உதவி என்று படுவான்கரையார்க்குச் சொல்லவேண்டியதில்லை.

மைத்துனர் இதைக் கேட்டதும் தோணி வாங்குவதைப்போல் பேசத் தொடங்கிவிட்டார். "வலை கிழிஞ்சா வேற போடலாம், துடுப்பு ஒடிஞ்சா வேற சீவலாம். மரம் உளுத்திருந்தா என்ன செய்யிற?" என்றார். மடிக்கணினியில் மரம் என்பது செயலியும் தாய்ப்பலகையும் திரையும் கீலும். அவற்றை மாற்றும் செலவு பாதி விலையை விழுங்கிவிடும். எனவே காசை அவற்றுக்குக் கொடுத்து, மாற்றக்கூடியவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்வதே கணக்கு. பிள்ளை மட்டும் மெல்லியதை இன்னொரு முறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாரம் பரவாயில்ல மாமா, ஹொஸ்டல்லதானே வைக்கப்போறன்" என்று கீழே வைத்தாள். அந்த அரைக் கிலோ வேறுபாட்டை நாம் சிறிதென்று சொல்லமாட்டோம். சுமப்பவளே முடிவு செய்தாள்.

தேர்ந்தபின் சோதனை. 'டி 480'க்கு மின்னேற்ற வழி 'யூஎஸ்பி சி' வாய்கள் மட்டுமே; அவை பழுதானால் பொறி படுத்துவிடும். இவ்வகையின் தண்டர்போல்ட் மென்பொருளில் இருந்த ஒரு குறையால் அவ்வாய் செயலிழக்கக் கூடுமென்று லெனோவோ நிறுவனமே திருத்தம் வெளியிட்டதுண்டு. ஆகவே இரண்டு வாயிலும் மாறிமாறிச் செருகி மின்னேறுகிறதா என்று பார்த்தோம். பின்னர் விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையை எடுக்கச் செய்தோம். தொழிற்சாலையில் வகுத்த கொள்ளளவு எவ்வளவு, இன்று முழுதாய் ஏற்றினால் நிற்பது எவ்வளவு என்று இரண்டு எண்கள் அதில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வெளி மின்கலம் பாதிக்கும் கீழே போயிருந்தது. கடைக்காரர் மறைக்கவில்லை, "அது தேஞ்சதுதான் அண்ணன்" என்றார்.

திரை 1920க்கு 1080 தானா என்பதையும் பார்த்தோம். இதே பெயரில் 1366க்கு 768 அளவுடைய மங்கலான திரையோடும் வந்தவை உண்டு. பக்கத்தில் வைத்து ஒப்பிடாவிடில் தெரியாது. இயக்கும்போதே 'எஃப் 1' விசையை அழுத்தி அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து, பழைய கம்பனியின் கடவுச்சொற் பூட்டு எதுவும் இல்லையென்று உறுதி செய்தோம். அப்பூட்டு இருந்தால் பின்னர் திறப்பது பெரும்பாடு. நகரில் வேறொரு கடையில் இவ்வாறு பூட்டிய ஒன்றை, "அது ஒண்டும் செய்யாது" என்று சொல்லி எமக்கு விற்க முயன்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டோம்.

பேரம் தொடங்கியபோது மைத்துனர் விலையைக் குறைக்கக் கேட்டார். நாமோ விலை அப்படியே இருக்கட்டும், வெறுமையாயுள்ள பொருத்துவாயில் இன்னோர் எட்டு கிகாபைட்டும், புதிய வெளி மின்கலமும் போட்டுத் தாருங்கள் என்றோம். இதற்குக் காரணமுண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால், 2025 இறுதியில் அவற்றின் விலை உலகெங்கும் ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரோன் நிறுவனம், 'குரூசியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. முன்பெல்லாம், நினைவகம் மலிவு, பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்று சொல்வது வழக்கம். இப்போது அந்த அறிவுரை செல்லாது; பாவித்த பொறியோடு நினைவகத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வதே மலிவு. கடைக்காரர் சிறிது யோசித்து, உடைந்த வேறொரு பொறியிலிருந்து கழற்றிய எட்டைப் பூட்டினார். மின்கலத்துக்கு மட்டும் சிறிது மேற்கொண்டு கேட்டார், கொடுத்தோம். இரண்டு வாயிலும் ஒத்த அளவு இருந்தால் வேகமும் சற்றுக் கூடும்.

பற்றுச்சீட்டில் பொறியின் தொடரிலக்கம், நினைவகத்தின் அளவு, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதுவித்தோம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வணிகரின் கடமையென்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. கேட்க வெட்கப்படுவோர் இன்னும் பலர்.

கொழும்புக்குப் போயிருக்கலாமே என்று பின்னர் ஒருவர் கேட்டார். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் மாடிமாடியாய் உள்ளன, தெரிவும் கூடுதல். ஆனால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். உத்தரவாதம் கோரும்போது அதே பயணம் மீண்டும் ஒருமுறை. விலையில் மிஞ்சுவதை இரண்டு பேரின் போக்குவரத்தும் சாப்பாடும் தின்றுவிடும். புதிதாய் வாங்குவோர்க்கு அது வேறு கணக்கு.

அன்று மாலையே மைத்துனர் வீட்டில் இன்னொரு வேலையும் முடிந்தது. மூத்த மகன் கல்லடிக் கடற்கரையோரம் வாடகை அறையில் இருந்தபோது பாவித்த, நான்காந் தலைமுறைச் செயலியுள்ள பழைய மடிக்கணினி ஒன்று அலுமாரியில் கிடந்தது. திறந்து வேலை தொடங்க ஐந்து நிமிடம் பிடிக்கும் என்று கைவிட்டிருந்தார்கள். அதிலிருந்தது சுழலும் வன்வட்டு, குற்றம் அதனுடையதே. காத்தான்குடியிலிருந்து வரும்போதே ஒரு சிறிய திண்மநிலை வட்டு வாங்கிவந்தோம். நினைவகம் வாங்கவில்லை: பழையது 'டிடிஆர் 3 எல்' வகை, இன்றைய 'டிடிஆர் 4' அதன் வாயில் பொருந்தவே பொருந்தாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும். அப்பொறிக்கு 'விண்டோஸ் 11' எட்டாதாகையால் இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினோம். அரை நிமிடத்துக்குள் திறந்தது, தமிழும் காட்டிற்று. இளையவன் பாடசாலை வேலைக்கு இனி அது போதும்.

வட்டை மாற்றும் வேலை பத்து நிமிடந்தான். அடிப்பலகையின் திருகாணிகளில் மூன்று கல்லடி உப்புக்காற்றில் துருவேறிப் போயிருந்தன. அவற்றைக் கழற்றுவதற்கே ஒரு மணி நேரமும் மைத்துனரின் தேங்காயெண்ணெய்ப் போத்தலில் கால்வாசியும் சென்றன.