பாதை வரும்வரை

கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோ ஏறும்போது, சூடான டீசல் மணமும் கண்டல் சேற்றின் புளித்த மணமும் கலந்து முகத்தில் அடித்தன, கொழும்பிலிருந்து வந்திருந்த நண்பர் கைப்பேசியில் மூதூருக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார், 396 மீற்றர், 2009 ஒக்டோபரில் திறந்தார்கள், திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம் இதுதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது, அவர் தலை நிமிரவேயில்லை.

பாலம் வருமுன் எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடக்கிற வழி அல்ல, பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகிற தெப்பம், அது அக்கரையில் நின்றால் நாங்கள் இக்கரையில் நிற்க வேண்டியதுதான், துறையடியில் கச்சான் வறுபடும், பஸ்ஸைவிட்டு இறங்கிய தாத்தா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், ஈரப் பலகை வழுக்கும் என்பது அவர் கட்சி, பங்குனி வெயிலில் பலகை காய்ந்து கால் சுடும்போதும் அப்படித்தான் ஏறுவார்.

அம்மம்மாவுக்குப் பாதை ஆகாது, மூதூருக்கு லாஞ்சில்தான் போவார், திருகோணமலை இறங்குதுறையில் கருவாட்டுச் சாக்கு, கோழிக்கூடை, சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துப் போகிற லாஞ்ச், அம்மம்மா எஞ்சின் பக்கமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு தேசிக்காயை நகத்தால் கீறிக் கீறி மோந்துகொண்டே வருவார், தோல் முழுவதும் பிறைக்கீறல்களாகிப் போகும், ஓரிடத்தில் மூக்கைத் தூக்கி, "ஆத்துத் தண்ணி மணக்குது, கிட்ட வந்திட்டம்" என்பார், மகாவலி வந்து விழுகிற கடல் அது, அவர் கண் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. இதே குடாவில்தான் 1660இல், புயலில் அடிபட்ட கப்பலோடு ஒதுங்கிய ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் 19 வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் கிடந்தார், வந்து சேர்வது அந்தக் காலத்திலும் பெரிய பாடில்லை போலும்.

அந்தத் தேசிக்காய் கொழும்பு இரவு ரயிலிலும் எங்களோடு வரும். கல்ஓயாச் சந்தியில், மட்டக்களப்புத் தண்டவாளமும் எங்களுடையதும் பிரிகிற இடத்தில், தாத்தா டோர்ச் லைட்டோடு இறங்கிப் போய், இந்தப் பெட்டி திருகோணமலைக்குத்தானா என்று கார்டைக் கேட்டுவிட்டு வருவார், ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில், அதற்குப் பிறகுதான் அவருக்கு நித்திரை வரும். கந்தளாய் கழிந்து தம்பலகாமத்து வயல்களில் வெளிச்சம் விழும்போது ஈர வைக்கோல் மணக்கும், சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களைத் தாண்டித் துறைமுகத் தண்ணீர் ஈயம்போல் தெரியும், ஊர் வருவதற்கு முன்னமே ஊரின் காற்று பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

யுத்த காலத்தில் காத்திருப்பு வேறு மாதிரி ஆனது, அதில் கச்சான் இல்லை, கையில் அடையாள அட்டைதான், அந்த வரிசைகளை நினைத்து எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது.

நண்பர் ஏசி பஸ்ஸில் திரை போட்டுத் தூங்கி வந்தவர், சீனக்குடாவில் சீனர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். மூதூரிலிருந்து திரும்பும்போது, பாலம் ஏறுமுன் ஓட்டோவை ஓரம்கட்டச் சொல்லி, கச்சான் சரை இரண்டு வாங்கி, அவரையும் இறக்கி நீரோரம் கூட்டிப்போனேன், எதற்கு நிற்கிறோம் என்றார், பாதை அக்கரையில் நிற்கிறது என்றேன், அவர் எதிர்க்கரையைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே தேடினார், கைப்பேசி சட்டைப் பையில் இருந்தது. பாலம் வந்தபின் ஓட்டப் பழகியவனாக இருக்க வேண்டும் ஓட்டோக்காரத் தம்பி, மேலே நின்று எட்டிப் பார்த்து, "ஐயா, வெயிற்றிங் காசு தனி" என்றான்.