கேமரன் மலை முயலும் நம் தோட்டத்து வெயிலும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் நான்கைந்து ஒன்றுசேர்ந்து வேன் பிடித்துக் கேமரன் மலைக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. தேயிலை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூச்செடி என்று பைகள் நிறைந்துவிடும். சில வேளைகளில் பிள்ளைகளின் மடியில் ஓர் அட்டைப் பெட்டியும் மலையிறங்கி வரும். திறந்து பார்த்தால் உள்ளே பஞ்சுப் பொதிபோல ஒரு முயல்குட்டி! அந்தக் குட்டிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால், முதலில் மலையைச் சற்றுப் பார்த்துவிடுவோம். முயலின் சங்கதி மலையின் குளிரோடு பின்னிக் கிடக்கிறது.

பழைய பாதை பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து ஏறுகிறது. வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி. அதையும் கடந்து, வயிற்றைப் புரட்டும் வளைவுகளையெல்லாம் தாண்டினால் ரிங்லெட், பிறகு தானா ராத்தா, அதற்கும் மேலே பிரிஞ்சாங். ஏறத் தொடங்குவது பேராக்கில் என்றாலும் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளந்து பார்க்க வந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அந்தச் சரிவுகளில் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் எத்தனையோ! ஆகவே அங்கே போய் நிற்கும்போது வேற்றிடத்துக்குப் போன உணர்வே நமக்கு ஏற்படுவதில்லை.

தானா ராத்தா கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பாவில் 32 பாகை வெயில் காயும் நேரத்தில் அங்கே 23, 24 பாகைதான் இருக்கும். இரவில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் சில ஸ்திராபெரித் தோட்டங்களை ஒட்டி முயல் கூண்டுகள் உண்டு. காது தொங்குவது, கறுப்பு வெள்ளையாய் இருப்பது, முகமே தெரியாமல் முடி மூடியிருப்பது என்று பலவகை. நான் பார்த்த ஒரு கூண்டருகில் பெரியவர் ஒருவர் நீள்முடி முயலை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். "தினம் சீவணுமா, ஐயா?" என்று கேட்டேன். "ரெண்டு நாள் விட்டாப் போச்சுங்க வாத்தியாரே, முடி சடையாப் பிடிச்சுக்கும். அப்புறம் தோல்ல காத்துப் படாம புண்ணாயிடும். இங்க குளிரு, இது தாங்கிக்குது. கீழ கொண்டுபோனா பாவம்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. காதுகளின் வழியாகத்தான் பெரும்பாலும் உடற்சூட்டை வெளியேற்றுகிறது. 30 பாகைக்கு மேல் போனால் அதற்கு ஆபத்து. அங்கோரா போன்ற நீள்முடி வகைக்கு முடி மாதத்தில் ஓர் அங்குல அளவு வளரும். தகரக் கூரை போட்ட வீட்டின் பின்புறத்தில், நண்பகலில், அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அது எப்படிப் பிழைக்கும்?

எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அப்படி ஒரு முயலை ஆசையாய் வளர்த்தாள். அதன் பின்புற முடியில் கழிவு ஒட்டிச் சடைகட்டியிருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. ஈ மொய்த்து முட்டையிட்டது. ஒரே நாளில் புழு வைத்து, மறுநாள் முயல் இறந்துபோனது. அவள் ஒரு வாரம் வகுப்பில் வாய் திறக்கவில்லை. இது அந்த வீட்டில் மட்டும் நடப்பதல்ல. ஈ முட்டை பொரிய ஒரு நாள் கூட வேண்டியதில்லை. ஆகவே தினமும் ஒருமுறை முயலின் பின்புறத்தைப் பார்த்தே ஆகவேண்டும். புழு கண்டால் அந்த மணியே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இனி, முயல் வளர்ப்போர் அறியவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

குட்டைமுடி முயலை வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் வாருங்கள். முடி உதிரும் காலத்தில் தினமும் வாருங்கள். ஈரக் கையால் தடவினாலும் உதிர்ந்த முடி கையோடு வரும். முயல் தன்னை நக்கும்போது முடியை விழுங்கும். அதற்கு வாந்தியெடுக்க வராது. வயிற்றில் புல் நிறைய இருந்தால் முடி கழிவோடு வெளியேறிவிடும். புல் குறைந்து தீனி வில்லைகளே மிகுந்தால் குடல் ஓட்டம் நின்றுபோகும். அரை நாள் முயல் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம் என்று கொள்ளுங்கள்.

புல்தானே, தோட்டத்தில் இல்லாததா என்று எண்ணாதீர்கள். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் அடியில் களைக்கொல்லி தெளித்த இடத்தில் ஒரு பிடிகூட அறுக்கக் கூடாது. தெளிக்காத இடம் எது என்று மருந்தடிக்கும் ஆள்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அழுக்காயிற்றே என்று முயலைக் குளிப்பாட்ட வேண்டாம். தண்ணீரில் அமுக்கினால் அச்சத்தாலேயே உயிர் போய்விடக்கூடும். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். சடையைக் கத்தரிக்கோலால் வெட்டுவதும் ஆபத்து. முயலின் தோல் காகிதம்போல மெல்லியது. முடியோடு தோலும் வந்துவிடும்.

முதுகில் பொடுகு உதிர்ந்து, உற்றுப் பார்த்தால் அது நகர்வதுபோல் தெரிந்தால் அது முடிப்பேன். காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு கட்டினால் அது காதுச் செள். இரண்டுக்கும் மருந்து உண்டு. ஆனால் நாய்க்குத் தடவும் உண்ணி மருந்தை முயலுக்குத் தடவிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பிப்ரோனில் முயலைக் கொன்றுவிடும். மாவட்டத்துக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பெண்முயல் தன் மார்பு முடியைத் தானே பிடுங்கினால் நோய் என்று பயப்பட வேண்டாம். அது குட்டிக்குப் படுக்கை விரிக்கிறது. முயலின் கர்ப்பக் காலம் 31 நாள் அளவே. சில வேளை கர்ப்பம் இல்லாமலும் இப்படிச் செய்யும்.

கம்பித் தரையிட்ட கூண்டில் ஒரு பலகையோ பாயோ போடுங்கள். இல்லாவிட்டால் பின்னங்காலின் முடி தேய்ந்து புண்ணாகும். மதிய வெயிலில் போத்தலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி அருகில் வையுங்கள். முயல் அதில் சாய்ந்துகொள்ளும்.

இவ்வளவும் செய்ய வீட்டில் ஆள் இருக்கிறதா? காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்கும், பிள்ளை பள்ளிக்கும் போய்விட்டால் நண்பகல் வெயிலில் முயலை யார் பார்ப்பார்கள்? பணத்தை நீட்டுமுன் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வளர்த்தே தீருவோம் என்றால் குட்டைமுடி வகையாகத் தேர்ந்தெடுங்கள். நீள்முடி முயலை மலையிலேயே கண்குளிரப் பார்த்து, பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும்; அதைக் குளிரிலேயே விட்டுவிட்டு, சோளமும் தேயிலையும் வாங்கிக்கொண்டு இறங்கி வாருங்கள்.