எத்தனை நாள் ஓடும்?

கிணறு உள்ள வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் 'புட் வால்வு' என்னவென்று விளக்கத் தேவையில்லை. மோட்டாரிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருப்பது. நீரை மேலே போகவிடும். திரும்பி இறங்க விடாது. அது பழுதடைந்தால் மோட்டார் வெறுமனே உறுமிக்கொண்டிருக்கும், தொட்டிக்குத் தண்ணீர் வராது.

மனித இதயத்தில் இத்தகைய கதவுகள் நான்கு உண்டு. அவற்றை எந்தத் தசையும் இழுத்துத் திறப்பதில்லை. ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடும்போது திறக்கின்றன, மறுபக்கத்தில் கூடும்போது மூடிக்கொள்கின்றன. தத்துவம் அதே புட் வால்வின் தத்துவந்தான். வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால் நாளொன்றுக்கு 1,00,800 தடவை. ஓர் ஆண்டுக்கு 3 கோடியே 67 இலட்சத்துக்கும் அதிகம். இடையில் ஓய்வு இல்லை, எண்ணெய் போட நிறுத்தவும் முடியாது.

இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவன் என் தங்கையின் மகன். பொறியியல் இறுதியாண்டு மாணவன். செயற்கை இதய வால்வின் மாதிரியொன்றைச் செய்வது அவனுடைய செயற்றிட்டம். பல்கலைக்கழக விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்தபோது அதையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். உவர்மலையில் உள்ள தங்கை வீட்டு விறாந்தையில் ஒரு மேசை முழுவதும் அவனுடைய ஆய்வுகூடமாயிற்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், சிறிய பம்பி, முப்பரிமாண அச்சில் வார்த்த ஒரு வளையம், அந்த வளையத்தில் சிலிக்கோனால் செய்த மூன்று மெல்லிய இதழ்கள். குழாய்க்குள் ஓடுவது வெறும் தண்ணீரல்ல, கிளிசரின் கலந்த தண்ணீர்.

"ஏன் கிளிசரின்?" என்று கேட்டேன்.

"இரத்தம் தண்ணியை விடத் தடிப்பு மாமா. வெறும் தண்ணியை விட்டால் கணக்குப் பிழைச்சுப் போகும்" என்றான்.

இவ்வகை மாதிரிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1513ஆம் ஆண்டளவில் லியனார்டோ டா வின்சி, எருதின் இதயத்தை ஆராய்ந்து, பெருநாடி தொடங்கும் இடத்தைக் கண்ணாடியில் வார்த்து, நீரில் புல் விதைகளைக் கலந்து ஓட்டிப் பார்க்கும் முறையைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். விதைகள் சுழலும் விதத்தைக் கொண்டு இரத்தம் சுழல்வதை அறியலாம், அந்தச் சுழிகளே வால்வு மூட உதவுகின்றன என்பது அவரது கருத்து. 1960களின் இறுதியில் ஒக்ஸ்போர்ட் பொறியியலாளர்கள் மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அந்தக் கருத்துக்கு வலுச் சேர்த்தன.

ஆனால் எங்கள் வீட்டில் இது வரலாற்றுப் பாடமல்ல. என் தங்கையின் நெஞ்சுக்குள் ஒரு செயற்கை வால்வு இருக்கிறது.

சிறுவயதில் அவளுக்கு அடிக்கடி தொண்டை நோவும் காய்ச்சலும் வரும். பிறகு முழங்கால் வீங்கியது. வாதக் காய்ச்சல் என்றார்கள். தொண்டையைத் தாக்கும் ஒருவகைக் கிருமிக்கு எதிராக உடல் நடத்தும் போர், வழிதவறி இதயத்தின் வால்வுகளையே தாக்கிவிடும் நோய் அது. வால்வின் இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பல ஆண்டுகள் எடுக்கும். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது மகன் வயிற்றில் இருந்தபோது. 2004ஆம் ஆண்டு, யுத்த நிறுத்த காலத்தில், கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போது அவளுக்கு வயது 29, மகனுக்கு இரண்டு.

உலோகத்தாலும் கார்பனாலும் ஆன வால்வு மூடும்போது மெல்லிய சத்தம் எழும். இரவில், வீடு அடங்கிய பிறகு, அருகில் இருப்பவருக்கும் அது கேட்கும். தாயின் மார்பில் படுத்துறங்கிய பிள்ளை மூன்று வயதில் கேட்டானாம்: "அம்மாக்குள்ள மணிக்கூடு இருக்கா?"

இத்தகைய வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுவதும் வார்பரின் குளிசை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் வால்வில் இரத்தம் உறைந்துவிடும். அளவு கூடினாலும் ஆபத்து, உள்ளே இரத்தம் கசியும். ஆகவே இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் குறித்த காலத்தில் பரிசோதித்துக்கொண்டே இருக்கவேண்டும். 2006 ஏப்ரல் 12ஆம் திகதி திருகோணமலை மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்து, கலவரம் மூண்டு, ஊரடங்கு போடப்பட்டபோது நான் கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் இருந்தேன். செத்தவர்களின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருந்த கையோடு தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். "நாங்கள் சுகம் அண்ணா. குளிசை பதினொண்டு இருக்கு" என்றாள். அன்று நான் குறித்துக்கொண்ட எண்களில் இன்றும் மறவாதிருப்பது அந்தப் பதினொன்றுதான்.

மருமகனின் மாதிரி ஓடத் தொடங்கிய அன்று மாலை தங்கை வந்து பார்த்தாள். மூன்று இதழ்களும் பூப்போல விரிந்து குவிந்தன. நானும் அயலவர்களும் வியந்து நின்றோம். அவள் ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: "எத்தனை நாள் ஓடும் தம்பி?"

இரண்டாம் நாள் இரவு ஓர் இதழ் கிழிந்தது. எண்ணும் கருவி இரண்டு இலட்சத்தை எட்டவில்லை.

அவன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, நான் வாசித்து வைத்திருந்த ஒரு கதையைச் சொன்னேன். அது திருவனந்தபுரத்தில் நடந்தது. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய சத்திரசிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தானும், பொறியியலாளர் ஜி.எஸ். புவனேஷ்வர் முதலானோரும் 1970களின் பிற்பகுதியில் ஒரு வால்வு செய்யத் தொடங்கினார்கள். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள், ஏழைகள். இறக்குமதி வால்வின் விலை அவர்களுக்கு எட்டாதது. திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த ஒரு பழைய அரண்மனைதான் ஆய்வுகூடம். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ஒன்றில் பற்றவைத்த இடம் முறிந்தது. உலோகம் எதிர்பார்த்ததற்கு மேல் தேய்ந்தது. நமக்கு மோதிரக் கல்லாகத் தெரிந்த நீலக்கல்லின் செயற்கைப் படிகத்தில் தட்டு செய்து பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. நான்காவது வடிவத்தில் கோபால்ட் கலப்புலோகத்தை ஒரே துண்டாகக் கடைந்து கூடு செய்து, தட்டுக்கு ஒருவகைப் பிளாஸ்டிக்கைப் போட்டார்கள். செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் அதே பிளாஸ்டிக். 1990 டிசம்பர் 6ஆம் திகதி அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1995இல் டி.டி.கே. நிறுவனத்தின் மூலம் விற்பனைக்கு வந்தது. இதுவரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1979 முதல் 1986 வரை விற்கப்பட்ட பியோர்க்-ஷைலி வால்வின் ஒரு வடிவத்தில், தட்டைத் தாங்கும் கம்பி முறியத் தொடங்கியது. ஆய்வுகூடத்தில் அல்ல, மனிதர்களின் நெஞ்சுக்குள். உலகெங்கும் சுமார் 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். திருவனந்தபுரத்தில் முறிந்தவை மேசை மேலும் விலங்குகளிலும் முறிந்தன. முறிந்ததை மறைக்காமல் எழுதிவைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். எங்கள் தொழிலில் 'சாதனை' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். சாதனைக்கு முந்திய மூன்று முறிவுகளுக்குப் பத்திரிகையில் இடம் கிடைப்பதில்லை. தங்கை போன்றவர்களின் உயிர் நிற்பதோ அந்த முறிவுகளை ஒருவர் பொறுமையாக எண்ணிப் பார்த்ததில்தான்.

விடுமுறை முடிந்து புறப்படுமுன் மருமகன் தன் அறிக்கையைக் காட்டினான். விரிந்த இதழ்களின் அழகான படம் முதற்பக்கத்தில் இருந்தது. கிழிந்த இதழின் படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தான். இதழ் வளையத்தோடு சேரும் விளிம்பில்தான் கிழிவு தொடங்கியிருந்தது. அடுத்ததில் அந்த விளிம்பைத் தடிப்பாக்கப் போகிறானாம். கீழே, அது எத்தனையாவது தடவையில் கிழிந்தது என்ற எண்ணையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான்.

தங்கைக்கு அடுத்த மாதம் இரத்தப் பரிசோதனை. மருமகனின் கணக்குப்படி, 2004 முதல் இன்றுவரை அவளுடைய வால்வு ஏறத்தாழ 75 கோடி தடவை திறந்து மூடியிருக்கிறது.