பூட்டிய விளையாட்டுப் பெட்டி

பூட்டைக் கண்டவுடன் அதனுள்ளே என்ன இருக்கிறது என்று அறிய விரும்புவது மனித இயல்பு. குழந்தையின் கையில் கொடுத்த கடிகாரம் மறுநாள் திருகாணி வேறாக, முள் வேறாகத் தரையில் கிடப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். இவ்வியல்பு இல்லாதிருந்தால் விஞ்ஞானம் வளர்ந்திராது. ஆனால் பிறர் உழைப்பை விலையின்றிக் கவர்ந்துகொள்ளும் ஆசையும் அதனோடு கலந்துவிட்டால், எது ஆர்வம், எது களவு என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது. அக்கடினம் இன்று நம் இல்லங்களுக்குள்ளேயே வந்து அமர்ந்திருக்கிறது.

பத்மாராவ் நகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நண்பரின் மகனுக்குப் பதினான்கு வயது. அமெரிக்காவிலிருந்து வந்த அவனுடைய சித்தப்பா, நின்டெண்டோ நிறுவனத்தின் ‘ஸ்விட்ச் 2’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியைப் பரிசாகக் கொண்டுவந்தார். 2025 ஜூன் 5ஆம் நாள் வெளியான இக்கருவி, முதல் நான்கு நாட்களிலேயே உலகெங்கும் 35 லட்சத்துக்கு மேல் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 450 டாலராக இருந்தது. புதிய ஆட்டம் ஒன்றின் விலை 80 டாலர் வரை, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய் வரை இருந்தது. வெளியானபோது அது முறையாக விற்கப்பட்ட நாடுகளுள் இந்தியா இடம்பெறவில்லை. ஆகவே பழுது நேர்ந்தால் முறையிட நமக்கு இங்கே வாசலும் இல்லை.

பையன் கருவியோடு என்னிடம் வந்தான். “தாத்தா, பார்க் லேன் சி.டி.சி.யில் விசாரித்தேன். இதற்கும் சீக்கிரம் சிப் வந்துவிடுமாம். போட்டுவிட்டால் எல்லா ஆட்டமும் இலவசமாம். அதுவரைக்கும் ஓர் அட்டை இருக்கிறதாம். வாங்கலாமா?” என்று கேட்டான். மின்னணுத் தொழிலில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்பதால் அவனுடைய தந்தையும் என் விடைக்காகக் காத்து நின்றார்.

அவன் கேட்டது ஒரு கேள்வியன்று, இரண்டு. முடியுமா என்பது ஒன்று. தகுமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை பொறியியலில் இருக்கிறது.

இதற்கு முந்திய ஸ்விட்ச் 2017 மார்ச் 3ஆம் நாள் வெளிவந்தது. சுமார் பதின்மூன்று மாதங்களில், 2018 ஏப்ரலில், அதன் பூட்டு திறந்துகொண்டது. கருவிக்கு உயிரூட்டியவுடன் முதன்முதலாக ஓடும் சிறு கட்டளைத் தொகுதி, ‘சிப்’ என்னும் சில்லுக்குள்ளேயே தொழிற்சாலையில் பொறிக்கப்பட்டு விடுகிறது. பழுது பார்ப்பதற்கான நிலையில் அக்கருவி யூ.எஸ்.பி. கம்பி வழியாக ஆணைகளை ஏற்றுக்கொள்ளும். வருகிற செய்தியின் நீளம் இவ்வளவுதானா என்று அளந்து பார்க்க வேண்டிய இடத்தில் அது அளக்கவில்லை. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு படி நீரை ஊற்றினால் மீதி வழிந்து அடுத்த பாத்திரத்துக்குள் விழுமல்லவா? அவ்வாறு வழிந்த எண்களையே ஆணைகளாக அமைத்துக் கருவியைத் தம் சொற்படி நடக்கச் செய்தனர் ஆய்வாளர்கள். அந்த நிலைக்குள் நுழைவதற்கு இரண்டு ஊசிமுனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தாலே போதுமாக இருந்தது. சில்லில் பொறித்த எழுத்தை அழித்தெழுத முடியாது. ஆகவே விற்றுப்போன கருவிகளைத் திருத்த நிறுவனத்தால் இயலவில்லை. 2018இன் நடுப்பகுதி முதல் வந்த கருவிகளிலேதான் பிழை நீங்கியது.

இன்னும் பழைய கதை, சோனி நிறுவனத்தின் பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அக்கருவியை, 2007இல் அதன் மின்கலத்தைச் சிறிது மாற்றியமைத்தே திறந்துவிட்டார்கள்.

புதிய கருவிக்கும் முயற்சி உடனே தொடங்கிற்று. வெளியான மறுநாளே ஆய்வாளர் ஒருவர் தாம் விரும்பிய படத்தை அதன் திரையில் தோன்றச் செய்துகாட்டினார். ஆனால் அது வாயில் திண்ணையில் ஏறி அமர்ந்தது போன்றதே. உள்ளறைச் சாவி, அதாவது கருவி முழுவதையும் ஆளும் அதிகாரம், அதனால் கிட்டவில்லை. முன்பு ஏமாந்த நிறுவனம் தன் பிழைகளிலிருந்து பாடம் கற்றிருக்கும். மனிதன் எழுதிய கட்டளைகளில் பிழை எங்கோ இருக்கத்தான் செய்யும். அது எப்பொழுது வெளிப்படும் என்று நாள் குறித்துக் கூற எந்தக் கடைக்காரராலும் இயலாது.

கடைக்காரர் சொன்ன அட்டை எத்தகையது? மெய்யான ஆட்டத் தகடு போல் நடித்து, படியெடுத்த ஆட்டங்களை ஓடச் செய்வது அது. 2025 ஜூன் மாதத்திலேயே அவ்வட்டையைச் செருகிய புதிய கருவிகளை நிறுவனம் தன் இணையச் சேவையிலிருந்து துண்டித்தது. தாம் விலைகொடுத்து வாங்கிய ஆட்டத்தின் படியை மட்டுமே வைத்திருந்ததாகச் சொன்னவர்களும் தப்பவில்லை. தண்டனை மனிதருக்கன்று, கருவிக்கு. ஆகவே அதைப் பிறகு கைமாற்றாக வாங்குகிறவரும் அவதிப்பட நேரும். அதற்கு முந்திய மாதமே திருத்தப்பட்ட அமெரிக்க ஒப்பந்தத்தில், விதியை மீறினால் கருவியையே நிரந்தரமாகப் பயனற்றதாக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நிறுவனம் எழுதிக்கொண்டது. வாங்கியவரின் கையில் இருக்கும் பொருளை விற்றவர் கடல் கடந்து நின்று முடக்கலாம் என்பது எனக்கு ஒப்பத்தக்கதாகத் தோன்றவில்லை. ஆயினும் அந்த அபாயம் மெய்யானது.

இனி இரண்டாம் கேள்வி. இதற்கு விடை தேட நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மூசி நதிக்கரை வரை சென்றால் போதும். 2003ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் இன்போகாம் நிறுவனம், ஏறத்தாழ 10,500 ரூபாய் மதிப்புள்ள கைப்பேசியை 3,350 ரூபாய் முதல் தவணைக்குக் கொடுத்து, தன் சேவைக்கு மட்டுமே அது பயன்படுமாறு பூட்டியிருந்தது. டாடா இண்டிகாம் நிறுவனத்தைச் சேர்ந்த சிலர் அக்கைப்பேசிகளின் உள்ளெண்ணை மாற்றித் தம் சேவைக்குத் திருப்பினர் என்று வழக்கு எழுந்தது. 2005 ஜூலையில் ஐதராபாத்திலிருந்த ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம், கைப்பேசியும் சட்டத்தின் கண்ணில் ஒரு கணினியே என்று கூறிற்று. மோசடி முதலான சில குற்றச்சாட்டுகளை நீக்கிய அது, மூலக் கட்டளைகளைக் குலைத்ததாகவும் பதிப்புரிமையை மீறியதாகவும் கூறிய குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட மறுத்தது. குற்றம் நடந்ததா என்பது விசாரணைக்கு உரியது. ஆனால் கைக்குள் அடங்கும் கருவியின் பூட்டைத் தொடுவது சிறு விளையாட்டன்று என்பதை நம் நகரமே இந்நாட்டுக்கு உணர்த்தியது.

பின்னர் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பிறர் உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ‘நோக்கத்தோடு’ என்ற அச்சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மறைமொழி ஆராய்ச்சிக்கும், உரியவரின் அனுமதியோடு செய்யும் பாதுகாப்புச் சோதனைக்கும் அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. நம் சட்டம் கையை மட்டும் பார்க்கவில்லை, மனத்தையும் பார்க்கிறது.

இதையெல்லாம் கேட்ட பையன், “நாம் காசு கொடுத்து வாங்கின பொருள்தானே, தாத்தா? அதைத் திறக்க நமக்கு உரிமை இல்லையா?” என்றான். கேள்வியில் நியாயம் இருந்தது. “கருவி உன்னுடையது. அதில் ஓடும் ஆட்டம், நானூறு பேர் நான்கு ஆண்டு உழைத்ததாகவும் இருக்கலாம், அது உன்னுடையதன்று. உன் அப்பா எழுதும் மென்பொருளை வேறொருவன் இலவசமாக எடுத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?” என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்ல, “எனக்கு இலவசமாக ஆட வேண்டும் என்பது மட்டும் இல்லை, நானே ஓர் ஆட்டம் எழுதி இதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்” என்றான்.

அவ்வொரு வாக்கியம் வழக்கின் போக்கையே மாற்றிவிட்டது. திறப்பவர்களிலும் இரு வகையினர் உண்டு. ஆண்ட்ரூ ஹுவாங் என்பவர் மாணவராக இருந்தபோது, 2002இல், மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் பெட்டியின் இரகசியத்தைக் கண்டறிந்து, மறு ஆண்டில் அதைப் பிறருக்குக் கற்பிக்கும் நூலாகவே எழுதினார். 2018இல் ஸ்விட்சின் பிழையைக் கண்ட கேட் டெம்கின், அதை உலகுக்கு வெளியிடுமுன் உரிய நிறுவனங்களுக்கு அறிவித்தார். நின்டெண்டோ நிறுவனமும் 2016 டிசம்பரில், பிழை கண்டு சொல்வோருக்கு 20,000 டாலர் வரை வெகுமதி உண்டு என்று அறிவித்தது. மற்றொரு வகையினர் திருட்டுச் சில்லுகளை விற்றுப் பணம் குவித்தோர். அத்தகைய கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. இரு சாராரும் கையாண்ட அறிவு ஏறத்தாழ ஒன்றே.

நண்பரும் நானும் கலந்து பேசினோம். அட்டை வேண்டாம் என்று முடிவாயிற்று. அதற்கென ஒதுக்கிய பணத்தில் பூட்டே இல்லாத ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினி வாங்கினோம். மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட நம் ஆடுபுலி ஆட்டத்தை அவன் அதில் எழுதி வருகிறான். தமிழ் எழுத்துக்களைத் திரையில் வரவழைக்க வேண்டும் என்பதற்காக, இதுவரை படிக்க மறுத்த அரிச்சுவடியையும் தானே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். ஸ்விட்ச் கருவியில் விலைக்கு வாங்கிய ஒரே ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறான். அது போதவில்லை என்று அவ்வப்போது முணுமுணுக்கவும் செய்கிறான்.

பெற்றோர்களே, உங்கள் குழந்தையும் ஒருநாள் இவ்வாறு ஒரு பூட்டைக் கொண்டுவந்து உங்கள் முன் வைக்கும். உடனே அதட்டிவிடாதீர்கள், கேட்டதை வாங்கிக் கொடுத்தும் விடாதீர்கள். திறந்த பிறகு என்ன செய்ய எண்ணியிருக்கிறாய் என்று முதலில் கேளுங்கள். அவ்விடையைப் பொறுமையோடு கேட்ட பின்பு செய்ய வேண்டியது இன்னதென்று உங்களுக்கே விளங்கும்.